புற்றுநோயாளியின் வீட்டார் கைபேசியில் தேடுவது என்ன?

"கேன்சர்தான்" என்று மருத்துவர் உறுதிசெய்த அன்றிரவு, பல வீடுகளில் நோயாளி தூங்கிவிடுகிறார். அவரிடம் விஷயம் முழுதாகச் சொல்லப்பட்டிருக்காது. தூங்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மகனாகவோ மருமகனாகவோ வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பியாகவோ இருப்பார். இது குணமாகுமா, எவ்வளவு செலவாகும், எந்த ஆஸ்பத்திரி நல்லது, எங்களுக்கும் வருமா என்று அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுகிறார். நோயாளிக்கு மருந்துச் சீட்டு உண்டு, படுக்கை உண்டு, கோப்பு எண் உண்டு. இவருக்கு எதுவும் இல்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. ஒரு நோயாளிக்குப் பின்னால் நான்கு பேர் என்று வைத்தாலும் அரைக் கோடிக்கும் மேற்பட்ட உறவினர்கள். அவர்களை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. கடத்தூர், பொம்மிடி, மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து ஜமாஅத்தினரை மனதில் வைத்து, அந்த உறவினர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நமது பகுதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்வோர் பொம்மிடியில் ரயில் ஏறிச் சென்னை அடையாறுக்கோ, காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்கோ போகிறார்கள். தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்குப் போவோரும் உண்டு. (சுதந்திரப் போராட்ட வீரர் ரஃபி அஹ்மத் கித்வாய் அவர்களின் பெயரையே அந்த மருத்துவமனை தாங்கியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.) காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் மருத்துவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மூன்று வாரம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்று வாரமும் கைபேசிதான் மருத்துவர்.

உறவினர்களின் இந்தத் தவிப்பு இணையத்தோடு பிறந்ததல்ல. இங்கிலாந்தில் டக்ளஸ் மக்மில்லன் என்பவர், தம் தந்தை புற்றுநோயால் இறந்ததைக் கண்டு 1911இல் ஒரு சங்கம் தொடங்கினார். நோயைப் பற்றிய செய்திகளைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது அதன் ஆரம்ப நோக்கங்களில் ஒன்று. இன்று பிரிட்டனில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் பெரிய அமைப்பாக அது அவர் பெயரிலேயே வளர்ந்திருக்கிறது. நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தாமே மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் முப்பது ஆண்டுகள் அவரை விடவில்லை. 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது அதனால்தான். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். நாம் இன்று வரிசையில் நிற்கும் அந்த வாசல், ஒரு நோயாளியின் உறவினர் திறந்து வைத்தது.

தகவல் ஒரு கையில், பணிவிடை வேறு கையில்

நமது வீடுகளில் தேடுகிறவர் ஒருவர், பார்த்துக்கொள்கிறவர் வேறொருவர். ஆங்கிலம் தெரிந்த மகனிடம் கைபேசி இருக்கிறது. அவர் பத்துப் பக்கம் படித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். கஞ்சி கொடுப்பதும், வாந்தியைத் துடைப்பதும், இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவர்களிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை. "உங்களுக்கு எதற்கு, பயந்துவிடுவீர்கள்" என்பார்கள். நமது மாவட்டத்தில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் அதிகம். அங்கே தாய்மார்களுக்குத் தமிழ் எழுத்தும் சரளமாக வராது, ஆங்கிலமும் தெரியாது. எங்கிருந்தோ ஒரு ஹகீம் பேசும் உருது வீடியோதான் அவர்களுக்குப் புரிகிற ஒரே 'மருத்துவத் தகவல்'.

இதனால் வரும் ஆபத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். கீமோ கொடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறையும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல, அவசர நிலை. பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீமோ நடக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மகன் இதை எங்கேயாவது படித்திருப்பார். நடுநிசியில் நெற்றியைத் தொடும் மருமகளுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டால் பல வீடுகளில் இல்லை என்பதே பதில்.

எனவே ஊருக்குக் கிளம்பும் முன் மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் உண்டு. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், இரவில் எந்த எண்ணை அழைப்பது, பெங்களூருக்கோ சென்னைக்கோ போக முடியாவிட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? இந்த மூன்றையும் தமிழிலோ உருதுவிலோ ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால், அது நூறு இணையப் பக்கங்களைவிடப் பயன் தரும். மருத்துவர் பேசும்போது, பணிவிடை செய்யும் பெண்ணையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விதான் பெரும்பாலும் சரியான கேள்வியாக இருக்கும்.

ஒரு சொல் செய்யும் கலவரம்

ஜும்ஆ முடிந்ததும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஹஸ்ரத், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று வருபவர்கள் உண்டு. கல்லூரிப் படிப்பால் வந்த ஆங்கிலத்தைக் கொண்டு சொற்களுக்குப் பொருள் சொல்கிறோமே தவிர, சிகிச்சையைப் பற்றி நாம் எதுவும் சொல்வதில்லை. அப்படிப் பார்த்ததில், திரும்பத் திரும்பத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சில சொற்கள் இருக்கின்றன.

'நெகட்டிவ்' என்றால் கெட்ட செய்தி என்று நினைக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 'மார்ஜின் நெகட்டிவ்' என்று வந்தால், வெட்டியெடுத்த பகுதியின் ஓரத்தில் புற்றணுக்கள் காணப்படவில்லை என்று பொருள். அது நல்ல செய்தி. மார்பகப் புற்றுநோயில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் பலன் தரக்கூடும் என்று அர்த்தம். 'ஸ்டேஜ்' என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. 'கிரேடு' என்பது நுண்ணோக்கியில் அந்த அணுக்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பதைச் சொல்வது. கிரேடு 3 என்று படித்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்று வீடே அழுவது நடக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது 'ஐந்தாண்டு சர்வைவல் ரேட்' என்ற சொல். அதைப் பார்த்துவிட்டு, "அத்தாவுக்கு இன்னும் ஐந்து வருடம்தானா?" என்று கேட்கிறார்கள். அது ஆயுள் கணக்கே அல்ல. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் கழித்து எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்ற கணக்கு. அவர்களில் பலர் அதற்குப் பின்பும் நெடுங்காலம் வாழ்ந்திருப்பார்கள். மேலும் தேடலில் முதலில் வந்து நிற்கும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் எண்கள். சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுடைய எண்கள். உங்கள் தந்தையின் வயது, உடல்நிலை, நோயின் வகை எதுவும் அவற்றுக்குத் தெரியாது. அஜல் அல்லாஹ்வின் அறிவில் உள்ளது என்று நம்பும் நாம், ஒரு சதவீதக் கணக்கை அஜலாக எடுத்துக்கொள்ளலாமா?

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் கொடுத்துக் கேட்கிறார்கள். சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ளவும், மருத்துவரிடம் கேட்கக் கேள்விகளைத் தயாரிக்கவும் அது உதவும். மருந்தை மாற்றவோ நிறுத்தவோ அதைக் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

கருஞ்சீரகமும் வீடியோ வைத்தியர்களும்

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, நான்காம் ஸ்டேஜ் புற்றுநோயிலிருந்து தம் மனைவி மீண்டுவந்ததைச் செய்தியாளர்களிடம் சொன்னார். வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை நீர், சர்க்கரையையும் பாலையும் தவிர்த்த உணவுமுறை என்று அவர் அடுக்கியது நாடெங்கும் கைபேசிகளில் பரவியது. சில நாட்களுக்குள் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: இதற்குப் போதிய ஆதாரம் இல்லை, இதை நம்பிச் சிகிச்சையைத் தாமதப்படுத்த வேண்டாம் என்று. அந்த அம்மையார் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாவற்றையும் பெற்றவர். மருத்துவர்களின் ஆலோசனையோடுதான் உணவுமுறையைப் பின்பற்றினோம் என்று சித்துவும் பின்னர் விளக்கம் தந்தார். ஆனால் விளக்கம் போன வீடுகளைவிட வீடியோ போன வீடுகள் அதிகம். அவர் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. மனைவி பிழைத்த மகிழ்ச்சியில் ஒரு கணவர் பேசினார். அதைக் கேட்டு வேறொரு கணவர் தம் மனைவியின் கீமோவை நிறுத்தினால் யார் பொறுப்பு?

நமது சமுதாயத்தில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை முன்னால் போட்டு, பின்னால் தம் எண்ணெய்ப் பாட்டிலை விற்பவர்கள். அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அந்த ஹதீஸில் எங்கே இருக்கிறது? நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தானே! தேனும் கருஞ்சீரகமும் ஜம்ஜமும் துஆவும் சிகிச்சையோடு சேர்ந்து இருக்கட்டும். மூலிகை எதுவாக இருந்தாலும் உட்கொள்வதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும், சில கல்லீரலைப் பாதிக்கும். வெட்கப்பட்டு மறைப்பதுதான் தவறு.

புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோயும் இருக்கிறது. எனவே 'நூறு சதவீத கேரண்டி' என்று ஒரு வீடியோ சொன்னால் அதை அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள். ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பழைய பயமும் வாட்ஸ்அப்பில் இன்னும் உலவுகிறது. பயாப்ஸி இல்லாமல் நோய் எந்த வகை என்றே தெரியாது. வகை தெரியாமல் மருந்து கிடையாது.

இரகசியத் தேடல்கள்

உறவினர்கள் யாரிடமும் கேட்காமல் தேடும் கேள்விகள் சில உண்டு. இது ஒட்டுமா என்பது அவற்றில் ஒன்று. ஒட்டாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பது நோயாளியின் மனதை உடைப்பதைத் தவிர வேறெதையும் செய்யாது. பிள்ளைகளுக்கு வருமா என்பது இன்னொன்று. பரம்பரையாகக் கடத்தப்படும் மரபணு மாற்றத்தால் வருபவை நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். குடும்பத்தில் இளவயதிலேயே பலருக்கு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதிக்கலாம். இந்த உண்மை தெரியாததால், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று தாயின் நோயையே மறைத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடும் வீடுகள் இருக்கின்றன.

காரணம் என்ன என்ற தேடலும் உண்டு. வெற்றிலைச் சந்தையால் அறியப்பட்ட ஊர் நமது கடத்தூர். வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று மேற்சொன்ன முகமை உறுதிசெய்திருக்கிறது. இது இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. வாய்ப் புற்றுநோயோடு படுத்திருக்கும் பெரியவரின் தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டியதல்ல. நோய் விசாரிக்கப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் வீட்டாரை அதிகம் அலைக்கழிப்பது. அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் கீமோ வார்டில் படுத்திருப்பவருக்கு, சுற்றியிருப்பவர்களைப் பார்த்தே பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. அவர் வீட்டாருக்காக நடிக்கிறார், வீட்டார் அவருக்காக நடிக்கிறார்கள். யாரும் யாரோடும் அழ முடியாது. இதில் மார்க்கம் சம்பந்தப்பட்ட ஒரு பக்கமும் இருக்கிறது. அவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கலாம், யாருடைய அமானிதமோ அவரிடம் இருக்கலாம், வஸிய்யத் எழுத நினைக்கலாம், யாரிடமாவது மன்னிப்புக் கேட்க நினைக்கலாம். அந்த உரிமையை அன்பின் பெயரால் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டும் என்பதில்லை. "டாக்டர் சொன்னதை நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று அவரிடமே கேட்டால் போதும். தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமை.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ஃபின் மாத்திரை என்றதும், போதைப்பொருள் ஆயிற்றே, ஹராம் ஆயிற்றே என்று கைபேசியில் ஃபத்வா தேடுகிறார்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளவிட்டுத் தரும் மருந்து மது அருந்துவதைப் போன்றதல்ல. தேவைக்கு அது ஆகுமானது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான நிலைப்பாடு. அரசும் 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத் தேவைக்கு இம்மருந்து கிடைப்பதை எளிதாக்கியது. 'பாலியேட்டிவ்' என்ற சொல்லையும் கைவிட்டுவிட்டார்கள் என்று படிக்க வேண்டாம். வலி தணிக்கும் சிகிச்சை, குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கலாம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அந்தப் பணி, பிறகு மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களின் சிறு காணிக்கைகளாலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களாலும் வீடு வீடாகச் சென்றது. நமது மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று, நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சேவை அளிப்பதும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யக் கேளுங்கள். பார்த்துக்கொள்பவருக்கே தூக்கமும் நிம்மதியும் போய்விட்டால், தமிழிலேயே பேச 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது. அதில் அழைத்தால் ஈமான் குறைந்துவிட்டது என்று அர்த்தமல்ல.

பணம் கேட்கும் செய்திகள்

உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தேதி இல்லாமல் அனுப்பப்பட்ட செய்தி நோயாளி மவுத்தான பின்பும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வங்கி எண்ணை மட்டும் மாற்றி வேறு யாரோ பணம் பெறுவதும் நடக்கிறது. ஜமாஅத் நிர்வாகம் விசாரித்து, தேதியும் முத்தவல்லியின் கையெழுத்தும் இட்ட கடிதத்தோடு மட்டுமே பரப்புவது நல்லது. நோயாளியின் முகமும் குழாய்கள் பொருத்திய உடலும் அதில் தேவையில்லை. ஜகாத் பெறுபவருக்கும் கண்ணியம் உண்டு.

கையேந்துவதற்கு முன் அரசு தருவதைக் கேட்டுப் பெற வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்றை வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் அட்டை பெறலாம். விவரம் கேட்க 1800 425 3993. பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முன், போகப்போகும் மருத்துவமனை இத்திட்டத்தில் இருக்கிறதா என்று இந்த எண்ணில் கேட்டுவிடுங்கள். அங்கே போய் முன்பணம் கட்டிய பிறகு கேட்பவர்களே அதிகம். ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் முத்திரை வேண்டும். முதல் முறை போகும்போதே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த கீமோவுக்குப் பொம்மிடியில் டிக்கெட் எடுக்கும்போது பயன்படும்.